காலித் தோட்டா டப்பா

காவல் நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டண்ணன் என்றால்தான் தெரியும். ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பாளர். கிடங்குக் கதவைப் பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து நாலாவது முறையும் இழுத்துப் பார்ப்பார். வீட்டுக் குளியலறைக் கதவுக்கும் இதே மரியாதைதான் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினொரு வருஷத்தில் அந்தக் கிடங்கில் ஒரு துப்பாக்கியோ ஒரு தோட்டாவோ குறைந்ததில்லை. வருஷா வருஷம் ஆயுதக் கண்காணிப்பு வாரியத்திலிருந்து ஆள் வருவார், பார்ப்பார், பதிவேட்டில் "குறைவு: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவது போல அந்தப் பதினொரு "இல்லை"யையும் புதிதாக வருகிறவர்களுக்குப் பூட்டண்ணன் எடுத்துக் காட்டுவார். யாரும் கேட்க வேண்டும் என்பதில்லை.

இந்த முறை வந்தது வருஷாந்திரச் சோதனை இல்லை, தனிச் சோதனை. வாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, சரியாக ஒன்பது மணிக்கு வந்து நின்றார். நிலைய அதிகாரி நாற்காலி போடச் சொல்லி, டீ கொண்டுவரச் சொல்லி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "முதல்ல கிடங்கு. டீ அப்புறம் ஆறினாலும் குடிப்பேன்" என்றார் அந்த அம்மா. பூட்டண்ணனுக்கு அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது. வேலை தெரிந்த ஆளை வேலை தெரிந்த ஆளுக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குப் பிடித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் விஷயம் இது. எட்டு மாதத்துக்கு முன்னால் சந்தை வாசலில் இரண்டு கூட்டத்துக்குள் அடிதடி. கலைக்கப் போன ஆயுதப்படைக் காவலர் ஒருவர் கைத்துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார். கூட்டம் சிதறி ஓடியது. ஓடி முடித்தபிறகு பார்த்தால், எதிரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். குண்டு துளைத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மூன்று வெடிச் சத்தம் கேட்டது, மூன்றாவதுதான் என் காலில் பட்டது என்றார் அவர். எங்கள் ஆள் சுட்டது இரண்டு, இரண்டும் வானத்தில், மூன்றாவது கூட்டத்தில் எவனோ சுட்டது என்றது காவல்துறை. அதற்கு ஆதாரம் பூட்டண்ணனின் பதிவேடு. பதினொரு வருஷமாகக் குறையே இல்லாத பதிவேடு பொய் சொல்லுமா? வாரியத்தின் விசாரணை இந்தச் சோதனைக்கு மறுநாளோடு முடிகிறது. பதிவேடு சரி என்று அந்த அம்மா எழுதிவிட்டால் சைக்கிள் கடைக்காரர் பொய்யர். பொய்ப் புகார் கொடுத்ததற்கு அவர் மேலேயே வழக்குப் போடவும் நிலைய அதிகாரி காகிதங்களைத் தயாராக வைத்திருந்தார்.

சுட்ட காவலர், பூட்டண்ணனின் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி.

துப்பாக்கிகளை எண்ணினார்கள். அறுபத்திரண்டு. சரி. தோட்டாப் பெட்டிகளை எண்ணினார்கள். சரி. அந்த அம்மா ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். பூட்டண்ணன் பதிவேட்டைப் பார்க்காமலே அது எந்த மாதம் யார் கையில் இருந்தது என்று சொன்னார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்த மாதிரி இருந்தது. பதினொரு மணிக்குள் பாதிக் கிடங்கு முடிந்தது.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா.

"பதினோரு வருஷம் மேடம். ஒண்ணு குறைஞ்சதில்லை."

"அதான் எனக்கு இடிக்குது." அவர் பதிவேட்டை மூடினார். "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குல இருந்தவ. அங்க மாசத்துக்கு நாலு ஊசி மருந்தாவது கைதவறி உடையும். உடையவே இல்லைன்னு ஒருத்தர் எழுதினா, இவர் கெட்டிக்காரர்னு நினைக்க மாட்டேன். எங்கிருந்தோ எடுத்து நிரப்புறார்னு நினைப்பேன்."

பூட்டண்ணன் சிரித்தார்.

"சுட்ட காலித் தோட்டாப் பைகளைப் பார்க்கலாமா? சந்தைச் சம்பவம் நடந்த அடுத்த வாரம் சுடுபயிற்சி நடந்திருக்கு பாருங்க, அந்தப் பை மட்டும் போதும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கு இருநூறு தோட்டா எடுத்துக்கொண்டு போனால், சுட்டபிறகு இருநூறு காலித் தோட்டாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. பித்தளைக் கூடு துப்பாக்கியிலிருந்து தெறித்துப் புல்லுக்குள் விழும். எல்லாரும் குனிந்து பொறுக்குவார்கள். பொறுக்கினாலும் ஒன்றிரண்டு அகப்படாது. ஒன்று குறைந்தாலும் குறைவு என்று எழுதி, மேலிடத்துக்கு விளக்கம் எழுதி, மூன்று பேர் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கூட்டுக்காக யார் இத்தனை பாடுபடுவது? அதனால் அந்தக் கிடங்கில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மழைக்குப் பிறகு புல்லிலிருந்து எழும்பி வரும் பழைய காலித் தோட்டாக்கள் அந்த டப்பாவுக்குப் போகும்; குறைகிற நாளில் டப்பாவிலிருந்து ஒன்று பைக்குப் போகும். பூட்டண்ணனுக்கு முன்னால் இருந்தவர் சாவியோடு சேர்த்து டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குக் கொடுத்திருப்பார். எந்தக் கிடங்கில் கேட்டாலும் அப்படி ஒரு டப்பா கிடையவே கிடையாது என்பார்கள். எல்லாக் கிடங்கிலும் உண்டு.

சோதனைக்கு வருகிறவர்கள் காலித் தோட்டாப் பையைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். எடை சரியாக இருந்தால் கையெழுத்து. பூட்டண்ணன் தராசை மேஜைமேல் தூக்கி வைத்தார்.

"தராசு வேண்டாம். ஒரு வெள்ளைத் துணி கிடைக்குமா?" என்றார் அந்த அம்மா.

துணியை விரித்து, பையின் முத்திரையை உடைத்துக் கொட்டினார். பித்தளை கலகலவென்று உருண்டது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, அடிப்பாகம் மேலே தெரியும்படித் தலைகீழாக நிறுத்தி வைத்தார். வரிசைக்கு இருபது, பத்து வரிசை. தோட்டாவின் அடியில் அது எந்த வருஷம் தயாரானது என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அதை இந்தப் பதினொரு வருஷத்தில் வந்த எந்த அதிகாரியும் குனிந்து பார்த்ததில்லை. உள்ளதைச் சொன்னால், டப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட நாளில் பூட்டண்ணனும் பார்த்ததில்லை. எடைதானே பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். அவ்வளவு பூட்டுப் பூட்டுகிற மனுஷன் அந்த ஒரு இடத்தில் கதவைத் திறந்து போட்டிருந்தார்.

பத்து வரிசையும் பார்த்து முடித்தபின் அந்த அம்மாவின் விரல் ஏழாவது வரிசைக்குத் திரும்பி வந்து நின்றது.

"நூத்தித் தொண்ணூத்தொன்பது ஒரே வருஷம். இது ஒண்ணு மட்டும் ஆறு வருஷம் பழசு."

பூட்டண்ணன் முதல் தடவையாகக் குனிந்து அடியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு வந்து பேசுவோம்" என்றார். அந்த ஒன்றைத் தனி உறையில் போட்டு ஒட்டி, இரண்டு பேரும் குறுக்கே கையெழுத்துப் போட்டார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. வழக்கப்படி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவர், அன்றைக்கு நாலாவது முறைக்குத் திரும்பி வரவில்லை.

காவலர் குடியிருப்பு நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்தது. நடந்தால் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் எட்டு மாதத்துக்கும் திரும்பிப் போய்விட்டு வந்தார்.

சம்பவத்தன்று மைத்துனன் துப்பாக்கியை ஒப்படைக்க வந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. பத்துத் தோட்டா கொடுத்து அனுப்பியது. திரும்பி வந்தது சுடாத உயிர்த் தோட்டா ஏழு, சுட்ட காலி இரண்டு. ஆகமொத்தம் ஒன்பது. "ஓடும்போது ஒண்ணு எங்கேயோ விழுந்துடுச்சு மாமா" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். துப்பாக்கியின் மேகசினுக்குள் இருக்கிற தோட்டா ஓடும்போது விழுமா? விழாது. பூட்டண்ணனுக்குத் தெரியாதா என்ன? இருபத்தெட்டு வருஷம் அந்த இரும்போடு குடித்தனம் நடத்தியவர். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டில் உயிர்த் தோட்டா எட்டு, காலி இரண்டு என்று எழுதினார். அடுத்த வாரப் பயிற்சியில் இருநூறு என்று எழுதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது மட்டும் சுடக் கொடுத்தார். மிச்சமான உயிர்த் தோட்டா கிடங்குக்குப் போனது. டப்பாவிலிருந்து ஒரு காலி பைக்குப் போனது. கணக்கு நேராகிவிட்டது. நம் பையன், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, ஒரு தோட்டாவைத் தொலைத்ததற்காகக் கறுப்புப் புள்ளி எதற்கு என்று நினைத்தார். இல்லை, அப்படி நினைத்ததாக நினைத்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் மூன்று சத்தம் என்று சொன்னது மறுநாளே அவர் காதுக்கு வந்துவிட்டது. அப்போதும் கேட்கவில்லை.

வீட்டில் மைத்துனன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். சோதனை நடப்பது நிலையம் முழுக்கத் தெரியும். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன மாமா, முடிஞ்சுதா?"

"அந்தப் பையைத் துணியில கொட்டி ஒவ்வொண்ணா அடியைப் பார்த்துட்டாங்க. பழசு ஒண்ணு மாட்டிக்கிச்சு."

அவன் கை தட்டிலேயே நின்றது. பிறகு வேகமாகப் பேசினான். "புல்லுல கிடைச்சதுன்னு சொல்லிடுங்க மாமா. பொறுக்கும்போது பழசு ஒண்ணு சேர்ந்துடுச்சுன்னு சொல்லுங்க. பொய்கூட இல்லையே, டப்பாவில இருக்கிறது எல்லாம் புல்லுல கிடைச்சதுதானே?"

உண்மைதான். அவ்வளவு அழகான உண்மையைப் பூட்டண்ணன் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் கை கழுவாமலே அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"மூணாவது எங்கடா?"

எட்டு மாதம் தாமதமாக வந்த கேள்வி. மனைவி கரண்டியைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தம்பி இரண்டு முறை சுட்டான், இரண்டும் வானத்தில் என்றுதான் அவள் அக்கம்பக்கத்தில் சண்டை போட்டிருந்தாள்.

"ரெண்டு மேலதான் சுட்டேன்" என்றான் அவன். "சத்தியமா மேலதான். கூட்டம் கலைஞ்சுது. கையை இறக்கினேன். விரலை எடுக்க மறந்துட்டேன் மாமா. இறக்கும்போதே வெடிச்சிடுச்சு. அவர் விழுந்ததைப் பார்த்தேன். காலிக் கூடு சாக்கடையில உருண்டுது, அதையும் பார்த்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா." அவன் தட்டைத் தள்ளினான். "நான் சொல்லணும்னுதான் வந்தேன். ஒண்ணு விழுந்துடுச்சுன்னு வாய்ல வந்ததைச் சொல்லிட்டு நின்னேன், நீங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா கொட்டியிருப்பேன். நீங்க பேனாவை எடுத்து எட்டுன்னு எழுதிட்டீங்க. போய்த் தூங்குடான்னுட்டீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

அவனைக் காப்பாற்றியதாகப் பூட்டண்ணன் இத்தனை நாளும் மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்தார். பையனை வெளியிலிருந்து பூட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கம் காது வரைக்கும் சுட்டது.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். "வேலை போயிடுமே. ஜெயில்ல போட்டுடுவாங்களே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபின் அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எப்போதும் அழுகைக்குப் பிறகுதான் கோபம் வரும். "அந்த மனுஷன் கடைமுன்னால நின்னு, உன் வாய் புழுத்துப் போகும்னு திட்டிட்டு வந்திருக்கேன் நான். கால் போனவரைப் பார்த்து! என்னை என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்படியோ போங்க. ஆனா இன்னைக்குச் சொல்லிட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள வரணும்." தம்பியின் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட என்னத்தைச் சொல்லப் போற?"

இரண்டு மணிக்குக் கிடங்குக் கதவை இரண்டு சாவியும் போட்டுத் திறந்தார்கள். அந்த அம்மா உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். உறை மேஜைமேல் இருந்தது. பூட்டண்ணன் வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா பேசினார்.

"நானும் யோசிச்சுப் பார்த்தேன். மழை பெஞ்சா புல்லுக்குள்ள இருந்து பழசெல்லாம் மேல வரும்னு சொல்வாங்க. பொறுக்கும்போது அதுல ஒண்ணு சேர்ந்திருக்கும், புதுசு ஒண்ணு புல்லுலயே தங்கியிருக்கும். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. அப்படியே எழுதிடட்டுமா?"

பூட்டண்ணன் அசந்துபோனார். தலையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். பன்னிரண்டாவது "இல்லை" பதிவேட்டில் ஏறிவிடும். மைத்துனன் வேலை இருக்கும், ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிற இவர் பெயர் இருக்கும். அவன் இன்னும் வந்து சொல்லவில்லை. நிலையத்து வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் உள்ளே வந்திருந்தார். இவர் தலையாட்டினால் அவனும் அப்படியே திரும்பிப் போய்விடுவான். ஆயுசுக்கும் சொல்ல மாட்டான். அதுதான் அவரை உலுக்கியது.

"எழுதாதீங்க மேடம்" என்றார். "அது புல்லுல சேர்ந்தது இல்லை. நான் சேர்த்தது."

சொல்லிவிட்டபிறகு பூட்டண்ணன் வேறு ஆள் ஆனார். பெஞ்சில் குறுகி உட்கார்ந்து கண்ணீர் விடுகிற ரகம் இல்லை அவர். எழுந்தார். அலமாரியின் அடித்தட்டில் துடைக்கிற துணிகளுக்குப் பின்னால் கைவிட்டு, பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார். எழுபது எண்பது காலித் தோட்டாக்கள், கறுத்ததும் பச்சை பூத்ததுமாகக் கிடந்தன.

"காலி ஒண்ணு கையில இருந்தா, உயிர்த் தோட்டா ஒண்ணைச் சுடாமலே சுட்டதாக் கணக்குக் காட்டலாம் மேடம். பாருங்க." வெள்ளைத் துணியில் நின்ற வரிசைகளைக் காட்டி, இருநூறு கொடுத்ததாக எழுதியது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது கொடுத்தது, மிச்சமானது எங்கே போனது, மைத்துனனின் பத்தில் எது எப்படி நேரானது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்திச் செய்து காட்டினார். அந்தத் தொழிலை அவரைப் போல யாரும் விளக்க முடியாது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே வழியில ஒருத்தன் மாசத்துக்கு ஒரு உயிர்த் தோட்டா வெளிய கடத்தலாம். உங்க ஆளுங்க எடை போட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. நான் கடத்தலை. ஆனா கடத்தலைன்னு நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை. பதினோரு வருஷப் பதிவேடும் இப்பச் செல்லாக்காசு. இனிமே எடை பார்க்காதீங்க, அடியைப் பாருங்க. காலி குறைஞ்சா குறைஞ்சுதுன்னு எழுத விடுங்க. ஒரு கூட்டுக்கு மூணு கையெழுத்து கேட்டா எல்லாக் கிடங்குலயும் டப்பாதான் இருக்கும். இதையும் உங்க அறிக்கையில எழுதுங்க."

"எழுதறேன்" என்றார் அந்த அம்மா. "எல்லாத்தையும் எழுதறேன்."

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நான் தலையை ஆட்டியிருந்தா நிஜமாவே அப்படி எழுதியிருப்பீங்களா?"

"எழுதியிருப்பேன். பழைய தோட்டா ஒண்ணு. அதைத் தவிர எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?" என்றார் அவர். அவர் குரலில் தந்திரம் எதுவும் இல்லை.

நிலைய அதிகாரி ஓடிவந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் என்று பூட்டண்ணனைப் பார்த்துக் கத்தினார். ஒரே ஒரு தோட்டாவுக்காக நிலையத்தின் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அடுத்த மூச்சிலேயே கத்தினார். மறைத்தது தப்பா, சொன்னது தப்பா என்று அவரே முடிவு செய்யவில்லை. பூட்டண்ணன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார். பிறகு சாவிக் கொத்தை நீட்டினார். அதிகாரி வெடுக்கென்று பிடுங்கப் போனார்.

"எண்ணி வாங்கிக்குங்க ஐயா. பதினாலு சாவி. கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி எண்ணினார். கையெழுத்தும் போட்டார். வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். பூட்டண்ணன் வெளியே வந்து அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை விசாரணை. வாரியத்தின் அலுவலகத்தில் முதல் மாடி. நீள மேஜை, மூன்று உறுப்பினர்கள், மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்கக் காகிதங்கள்மேல் தண்ணீர் டம்ளர்கள். பூட்டண்ணன் தற்காலிக வேலைநீக்க உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார். எத்தனை தோட்டா குறைந்தது என்று கேட்டார்கள். "மூணு" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. பதிவேட்டில் ஏன் இரண்டு என்று கேட்டார்கள். "நான் பொய்யா எழுதினேன்" என்றார். அடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார்கள். அவன் சாட்சி மேடையின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா சொன்னது சரி. மூணாவது என் கைதான்" என்றான். பின்வரிசையில் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனைக் கைது செய்வதற்கு இரண்டு காவலர்கள் வாசலில் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் அவனோடு கால்பந்து ஆடுகிறவர்கள்.

சைக்கிள் கடைக்காரர் முன்வரிசையில், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மலரும் என்று பூட்டண்ணன் நினைத்தார். அது மலரவில்லை. "மூணு" என்று அவர் உதடு மட்டும் இரண்டு முறை அசைந்தது.

படிக்கட்டில் பூட்டண்ணன் அவர் முன்னால் போய் நின்று, கையைக் கூப்பினார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம்" என்றார் கடைக்காரர். "நடக்க முடியுமா உங்களால? என் கடை பக்கம்தான்."

கால் போனவர் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை. பூட்டண்ணன் அவரோடு நடந்தார். கட்டையை ஊன்றி ஊன்றி அவர் முன்னால் போனார். சந்தை வாசல் வந்தது. கடையில் அவர் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாருடைய சைக்கிளுக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்த வேலை அவளுடையது.

"இவகிட்ட சொல்லுங்க" என்று மனைவியைக் காட்டினார் கடைக்காரர். "அங்க சொன்னதை இங்க ஒரு தடவை சொல்லுங்க."

பூட்டண்ணன் நின்ற இடத்திலேயே நிமிர்ந்து நின்றார்.

"மூணும்மா. எங்க ஆள் சுட்டது மூணு. மூணாவதுதான் இவர் கால்ல பட்டுது. நான்தான் ரெண்டுன்னு எழுதி வெச்சேன்."

அந்தப் பெண் பம்பின் பிடியை விட்டாள். கணவனைப் பார்த்தாள், பூட்டண்ணனைப் பார்க்கவே இல்லை.

"பயத்துல உனக்கு ரெண்டு மூணாக் கேட்டிருக்கும்னு நான்கூடச் சொன்னேனே" என்றாள். "நான்கூட நம்பலையே."

அவள் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஒரு கையால் கட்டையையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு, "சரி, விடு, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காற்றடிக்க வந்தவர் சைக்கிளைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பூட்டண்ணன் குனிந்து பம்பை எடுத்து, மிச்சக் காற்றை அடிக்கத் தொடங்கினார்.